தொக்கக்காரி கண்ட கை

அவள் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. கையைத்தான் பார்ப்பாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியிலிருந்து இறங்குகிறவள் வாசலைத் தாண்டுவதற்குள் நகம், விரல் இடுக்கு, வளையலுக்கு அடியில் ஒட்டியிருப்பது எல்லாம் அவள் கண்ணில் பட்டுவிடும். அப்புறம்தான் குழந்தை. அதன் வாயை முகர்ந்து பார்ப்பாள். வயிற்றை இரண்டு விரலால் தட்டிப் பார்ப்பாள். அழுக்குத் துணி இருந்தால் விரித்துக் காட்டச் சொல்வாள். எல்லாம் முடிந்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"யாரு கை?"

எங்கள் பாகூர்ப் பக்கத்தில், சோறு தின்னத் தொடங்கிய குழந்தை கக்கினாலும் வயிறு ஊதினாலும் பச்சையாகப் போனாலும் தொக்கம் விழுந்துவிட்டது என்பார்கள். கொடுக்கக் கூடாததை யாரோ கொடுத்து, அது உள்ளே சிக்கிக்கொண்டது என்று அர்த்தம். அதை வெளியே எடுக்கத் தெரிந்தவர்கள் அங்கங்கே இருந்தார்கள். இவள் சோரியாங்குப்பத்தில் இருந்தாள். பிரெஞ்சுக்காரன் எல்லை அங்கே முடிகிறது. வெள்ளைக்காரன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எல்லையைத் தாண்டுகிறவர்களின் மூட்டையைச் சுங்கக்காரன் அவிழ்த்து உதறிப் பார்ப்பான். அவனிடம் தப்பித்து வந்த பெண்களும் இவளிடம் தப்ப முடியாது என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள்.

காலையில் மட்டும்தான் எடுப்பாள். முதலில் முந்தானையை உதறிக் காட்டுவாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுவாள். "நல்லா பாத்துக்கோங்கடி, அப்பால பேசக்கூடாது" என்பாள். பிறகு ஒரு சாண் மூங்கில் குழலைக் குழந்தையின் வயிற்றில் வைத்து, கன்னம் குழிய மூன்று தரம் உறிஞ்சுவாள். பித்தளைத் தட்டில் தண்ணீர் இருக்கும். அதில் துப்புவாள். ஒரு அரிசியோ, பருப்போ, சிறு முள்ளோ மிதக்கும். பெண்கள் எல்லாரும் வாயில் கை வைத்துக்கொள்வார்கள்.

கையைக் காட்டுகிறவள் வாயைக் காட்டவில்லையே என்று கேட்டவள் நான் ஒருத்திதான். அதையும் மனசுக்குள்தான் கேட்டேன்.

அவளைப் பற்றி எனக்கு முதலில் சொன்னது எங்கள் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, ஓர்ப்படி. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. நான் வில்லியனூர்ப் பெண், கலியாணமாகி இங்கே வந்தபோது மாமியார் இல்லை, அக்காதான் வீட்டை நடத்தினாள். மூன்று பிள்ளை பெற்று, மூன்றையும் எலும்பும் தோலுமாக விடாமல் வளர்த்தவள். கேழ்வரகு அரைத்துக்கொண்டே ஊர்க் கதை சொல்வாள்.

மேரியில் சேவகம் பார்த்த ஒருவன், மேரி என்றால் எங்கள் கொம்யூன் ஆபீஸ், பட்டணத்திலிருந்து மொறுமொறு ரொட்டி வாங்கி வந்து, பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஆறு மாதப் பெண்ணுக்கு ஊட்டியிருக்கிறான். குழந்தைக்கு வயிறு பானை மாதிரி ஊதிவிட்டது. தொக்கக்காரி குழந்தையின் வாயை முகர்ந்தாள், பிறகு எழுந்துபோய் அவன் கையை முகர்ந்தாளாம். "துரை வூட்டு ரொட்டிய நீ துன்னு. புள்ளைக்கு எதுக்குடா?" என்று கேட்டதும் அவன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடியிருக்கிறான். வீராம்பட்டினத்திலிருந்து வந்த ஒருத்தியின் குழந்தைக்குத் தாய்மாமன் நெத்திலி ஊட்டியது வெளிவந்ததும் அப்படித்தான். இன்னொரு வீட்டில் மாமியார், வேறொரு வீட்டில் பக்கத்து வீட்டுக்காரி. அக்கா சொல்லச் சொல்ல எனக்கு ஒன்று உறுத்தியது. இத்தனை வருஷத்தில் அவள் குழலில் பெற்றவளின் கை அகப்பட்டதாக ஒரு கதைகூட இல்லை. எல்லாம் வேறு கை.

"பெத்தவ யாருமே தப்பு பண்ணலியாக்கா?" என்று கேட்டேன்.

"பெத்தவ பண்ணுவாளாடி?" என்று சிரித்தாள் அக்கா.

நான் பண்ணினேன்.

கலியாணமாகி ஐந்து வருஷம் கழித்துப் பிறந்தவன் என் மகன். அவன் பிறக்க வேண்டுமென்று எங்கள் மூத்தார், அதாவது அக்காவின் புருஷன், அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். ஆடித் திருவிழாவில் அம்மன் முன்னால் வைக்கிற பொங்கல்தான் பிள்ளையின் வாயில் விழுகிற முதல் சோறு. அதற்கு முன்னால் பால்தான். கேழ்வரகை ஊறவைத்து அரைத்து வெள்ளைத்துணியில் வடிகட்டிக் காய்ச்சினால் அதுவும் பால் கணக்கில் சேரும். கடிக்கிற எதுவும் சோறு கணக்கு. மீறினால் சாமி குத்தம். மூத்தார் முன்கோபி, சொன்ன சொல்லில் நிற்பவர். நேர்த்தியைக் கெடுத்தவள் யாராக இருந்தாலும் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று பந்தியில் உட்கார்ந்து சொன்னவர்.

பிள்ளைக்கு எட்டு மாதம் முடிந்து ஒன்பது நடந்தது. ஆடிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. நாங்கள் சாப்பிடும்போது எங்கள் வாயையே பார்ப்பான். நாங்கள் மென்றால் அவனும் மெல்லுவான், வெறும் வாயை. அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது? பெற்ற வயிறு கேட்கிறதா? ஒருநாள் கொல்லையில் பிடுங்கிய மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, வேகவைத்து முறத்தில் கொட்டியிருந்தார்கள். யாரும் இல்லை. நாலு கொட்டையை உரித்து, நன்றாக மென்று, அவன் வாயில் வைத்தேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் இன்னும் நாலு. அப்புறம் எத்தனை நாலு என்று எனக்கே தெரியாது.

மறுநாள் மதியத்துக்குள் கக்கத் தொடங்கினான். வயிறு கல்லாகிவிட்டது. அதற்கடுத்த நாள் கண் உள்ளே போய்விட்டது. மூத்தார் வண்டியைக் கட்டினார். என் வீட்டுக்காரர் கழனியில் இருந்தார். பிள்ளையை அக்கா மடியில் போட்டுக்கொண்டாள். பிள்ளை பிழைக்க வேண்டுமே என்ற பயத்தோடு இன்னொரு பயமும் என் கூடவே வண்டியில் வந்தது. பட்டணத்து ரொட்டியை முகர்ந்து கண்டுபிடித்தவளுக்கு மல்லாட்டை தெரியாதா? வழியில் வாய்க்காலில் இறங்கி முகம் கழுவுவது போல நகத்தை மண் போட்டுத் தேய்த்தேன்.

இறங்கியதும் மூத்தார் நேர்த்தியைச் சொல்லி, அதைக் கெடுத்தவள் யாரானாலும் பிறந்த வீட்டுக்குத்தான் என்று அவளிடமும் கத்தினார். அவள் கையைத்தான் பார்த்தாள். முதலில் அக்கா கை. பிறகு என் கை. என் கையில் அவள் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. அவ்வளவு சுத்தமாக இருந்ததுதான் தப்போ என்னவோ. பிள்ளையின் வாயை முகர்ந்தாள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுப் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். சொல்லும்போதே என் மூச்சையும் முகர்ந்தது போல எனக்குத் தோன்றியது.

அவ்வளவு பக்கத்தில் இருந்ததால் நான் இன்னொன்றையும் பார்த்தேன். குழலை வாயில் வைப்பதற்கு முன்னால் அவள் நாக்கு இடது கன்னத்துக்குள் போய் எதையோ புரட்டிக்கொண்டு வந்தது. உறிஞ்சினாள். தட்டில் துப்பினாள். அரிசி.

மல்லாட்டை தின்ற வயிற்றிலிருந்து அரிசி! இவள் ஏமாற்றுக்காரி என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துபோயிற்று. வாய் திறந்து சொல்ல முடியுமா? சொன்னால் வேறென்ன வரவேண்டும் என்று கேட்பார்களே.

"யாரு கை?" என்றாள்.

மூத்தார் எதிரில் நான் வாய் திறந்து பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. திரும்பி அக்காவைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு எந்தச் சாமி முன்னால் வேண்டுமானாலும் நான் பதில் சொல்லத்தான் வேண்டும்.

தொக்கக்காரி என் கையை மறுபடி ஒருதரம் பார்த்தாள். மூத்தார் கையில் இருந்த சாட்டையையும் பார்த்தாள்.

"வேற கை" என்றாள்.

மூத்தார் அக்கா பக்கம் திரும்பினார். "ஏண்டி, சமையக்கட்டுல நீதான நிக்கற?"

"நானா? அம்மன் மேல சத்தியமா நான் ஒரு பருக்க குடுக்கலிங்க" என்றாள் அக்கா. அழக்கூட இல்லை. திகைத்துப்போய் நின்றாள்.

"இனிமே அந்தப் புள்ளய நீ தொடக்கூடாது."

தொக்கக்காரி அதில் எதுவும் தலையிடவில்லை. என்னிடம் மட்டும் குனிந்து சொன்னாள். "பாலு நிறுத்திடாத. கேட்டப்பல்லாம் குடு. நெல்லுப்பொரி கஞ்சித் தண்ணி, கல்லு உப்பு துளி போட்டு, சங்குல சங்குலயா குடுத்துக்கினே இரு. மூணு நாளைக்கு வேற ஒண்ணும் கூடாது. மூணு நாளைக்கும் அவன உன் இடுப்ப வுட்டு எறக்காத."

பிள்ளை பிழைத்தான். அவள் சொன்னதால்தான் பிழைத்தான் என்பது எனக்கு அப்போதே தெரியும். இருந்தாலும் அவள் பேரைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வந்தது. அவளுக்கு என்னைப் பற்றித் தெரியுமா, தெரியாதா? தெரிந்திருந்தால் எதற்காகச் சொல்லாமல் வைத்திருக்கிறாள்? நாளைக்கு வந்து எதையாவது கேட்பாளோ? அவள் ஊர்ப்பக்கத்து வண்டி எங்கள் தெருவில் நுழைந்தால் நான் உள்ளே போய்விடுவேன்.

ஆடி வந்தது. அம்மன் பொங்கலை மூத்தார் ஊட்டினார். பிள்ளை துப்பிவிட்டான். வீட்டுக்கு வந்து பருப்புச் சோறு குழைத்து நெய் விட்டுக் கொடுத்தேன், துப்பினான். அவனுக்குச் சோறு என்றால் அக்கா. கேழ்வரகுப் பாலைக்கூட அவள் மடியில் உட்கார்ந்து, அவள் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே குடித்துப் பழகியவன். நான் ஊட்டினால் ஒவ்வொரு வாய்க்கும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். தொண்டையில் சிக்குமோ, வயிறு ஊதுமோ என்று அவன் வாயையே முறைத்துக்கொண்டிருப்பேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்தக் குழந்தை சாப்பிடும்?

அக்கா அவனைத் தொடவே இல்லை. அவன் தவழ்ந்து அவளிடம் போவான். சட்டென்று இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொள்வாள், சேறு பட்ட கை மாதிரி. அவன் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து காட்டுவான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வந்து தூக்கிக்கினு போடி" என்று என்னைக் கூப்பிடுவாள். அவள் பிள்ளைகளைக்கூட அவனுக்கு எதுவும் கொடுக்காதே என்று அடித்து வைத்திருந்தாள்.

புரட்டாசிக்குள் அவனுடைய வெள்ளிக் காப்பு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஏறி இறங்கியது. என் பாலும் வற்றிக்கொண்டு வந்தது. அவன் அழுகிற சத்தம்கூடக் குறைந்துவிட்டது. அக்கா கை மறுபடி அவனுக்குக் கிடைக்காவிட்டால் எனக்குப் பிள்ளை இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. அதற்கு யாராவது 'வேற கை' என்ற பேச்சைத் திருப்பி வாங்க வேண்டும். நான் வாங்கத் தயாராக இல்லை. சொன்னவளே வாங்கட்டும் என்று, மந்திரித்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சோரியாங்குப்பத்துக்கு நடந்தேன்.

அன்றைக்குக் கூட்டம் இல்லை. நெல் பொரித்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறப்பதற்கு முன்னால் நான் திறந்தேன்.

"வாயத் தெறந்து காட்டும்மா."

அவள் கோபப்படவில்லை. நிமிர்ந்து வாயைத் திறந்தாள். இடது கன்னத்தில் இரண்டு அரிசி இருந்தது.

"அன்னிக்கே பாத்துட்ட. தெரியும். ஏன் சொல்லல?" என்றாள்.

நான் பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

"நானுந்தான் சொல்லல. மல்லாட்ட வாசன உன் வாயிலியும் அடிச்சிது, புள்ள வாயிலியும் அடிச்சிது."

"தெரிஞ்சே ஊர ஏமாத்தறியா?" என்று கத்தினேன். கத்தினால் அவள் சொன்னது அமுங்கிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

"ஏமாத்தறேன். வயித்துக்கு மூணு நாள் ஓய்வு குடுங்கடின்னு வெறும் வாய்ல சொல்லிப் பாத்தேன். சரி சரின்னுட்டு, போற வழியிலியே வாயப்பயம் ஊட்றாளுங்க. அரிசி வெளிய வந்தா பயப்படறாளுங்க. சொன்னத கேக்கறாளுங்க. அதுக்குத்தான் இது."

"எங்க அக்காவ எதுக்கு மாட்டி வுட்ட?"

"நீதான அவள பாத்த?" என்றாள். பிறகு பொரியை முறத்தில் கொட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். "உன் கைன்னு நான் சொல்லியிருந்தா அந்த மனுஷன் உன்ன அப்பிடியே பொறந்த வூட்டுக்கு வண்டி ஏத்தியிருப்பான். புள்ளய குடுத்திருக்க மாட்டான். பாலு இல்லாம அன்னிக்கு இருந்த நெலமைக்கு புள்ள ரெண்டு நாள் தாங்காது. பாலு இருக்கிற கைய நான் எப்பவும் காட்டிக் குடுக்கறதில்ல. அவ பெரியவ, ஒரு வாரம் பேச்சு வாங்கிக்குவா, புள்ள தேறினதும் நீயே போயி உம்புருஷங்கிட்ட சொல்லிக்குவன்னு நெனச்சேன். மூணு மாசம் ஆவுது."

என் இடுப்பிலிருந்த பிள்ளையின் காப்பை விரலால் நகர்த்திப் பார்த்தாள். முதல் தடவையாக அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"போயி உண்மைய சொல்லு. அவ கையில குடு. அவ குடுத்தா துன்னுவான்."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். உண்மை இரண்டு துண்டாக இருந்தது. ஒன்று அவள் கன்னத்து அரிசி. இன்னொன்று என் வாய் மல்லாட்டை. முதல் துண்டே போதும் என்று தவளக்குப்பம் சாலையைத் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அண்ணனிடம் சொன்னார். மூத்தார் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அந்தக் காலத்தில் யார் கேட்டார்கள்? "புள்ளைக்கு நீயே ஊட்டு" என்றார். அவ்வளவுதான். அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சாயங்காலம். சோற்றைக் குழைத்துக் கட்டைவிரலால் வழித்து நீட்டினாள். பிள்ளை வாயைத் திறந்தான். ஒரு வாய், இரண்டு வாய், ஐந்து வாய். அக்கா அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். இரண்டு பேர் அழுகைக்கும் ஒரே காரணம் என்று வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள்.

மூத்தார் அதோடு விடவில்லை. மறுநாள் காலையிலேயே வண்டியைக் கட்டி எங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்தபோது ஏழெட்டுப் பெண்கள் குழந்தைகளோடு காத்திருந்தார்கள்.

"வாயத் தொறடி" என்றார்.

திறந்தாள். அரிசி இருந்தது. மூத்தார் அவள் தலையைப் பிடித்துத் திருப்பி எல்லாருக்கும் காட்டினார். காத்திருந்தவர்களில் ஒருத்தி காறித் துப்பினாள். மூத்தார் மூங்கில் குழலை மிதித்து நொறுக்கினார். "ஒண்ணுமறியாத பொம்பள மேல பழி போட்டியே, நீ உருப்படுவியா?" என்று கத்தினார்.

நான் அக்காவுக்குப் பின்னால் நின்றேன். ஒரு சொல் போதும் அவளுக்கு. மல்லாட்டை என்று சொன்னால் போதும், அந்தக் கூட்டம் அப்படியே என் பக்கம் திரும்பிவிடும். அவள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு எங்கள் பக்கம் பார்த்தாள். பிள்ளை அக்கா தோளில் இருந்தான்.

"சாப்ட்டுதா?" என்று அக்காவிடம் கேட்டாள்.

அக்காவுக்கு என்ன தோன்றியதோ, பதில் சொன்னாள். "நேத்து அஞ்சு வாய். காலைல ஒரு கிண்ணி."

"அப்ப சரி" என்றாள். உள்ளே போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள்.

காத்திருந்த பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள். ஒரு குழந்தைக்குக் கண் உள்ளே போயிருந்தது. அதன் தாய் அந்தப் படலையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனாள். அவளுக்காவது நான் நெல்லுப்பொரிக் கஞ்சி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் சொன்னது என்று கேட்பார்கள் என்று அதையும் விழுங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பிள்ளை அக்கா மடியில் தூங்கிவிட்டான். அவன் கால்களை அவள் தன் முந்தானையால் மூடினாள். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"அவ்ளோ பேரு எதுர்ல ஒரு வார்த்த எதுர்த்துப் பேசல பாத்தியாடி? தப்பு பண்ணவ. அதான் வாய தொறக்கல."

"ஆமாக்கா" என்றேன்.